மீசைக்கு வைத்த இரண்டு அண்டா

எனக்கு மீசை முளைத்த நாள் முதல் அறுபத்து நான்கு வயது வரைக்கும் அதில் சவரக் கத்தி பட்டதே இல்லை. கோயிலுக்கு மொட்டை போடும்போதுகூட மீசையை விட்டுவிட்டுத்தான் அடிக்கச் சொல்வேன். எங்கள் சனத்தில் ஆம்பிளை தலைமுடி, மீசை இரண்டையும் சேர்த்து எடுப்பது கொள்ளி வைக்கிறபோது மட்டும்தான். அப்பனுக்குப் பெரியண்ணன் எடுத்தார். அம்மாவுக்குக் கடைசித் தம்பி எடுத்தான். நடுவில் பிறந்ததால் நான் தப்பித்தேன். எனக்குப் பிறந்தது இரண்டும் பெண். ஆகையால் என் மீசை போவதற்கு உலகத்தில் பாக்கி இருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அது என் சம்சாரம் எனக்கு முன்னால் போவது.

இவ்வளவும் தெரிந்த நான், மாமல்லபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே கைதட்ட இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நல்ல காரியத்துக்குத்தான். கேன்சர் வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கு ஒரு விடுதி கட்டுகிறார்கள், அதற்குப் பணம் சேர்க்க. அந்த நேரத்தில் என் வீட்டுக்குள்ளேயே, எட்டு மாதமாக, என் சம்சாரம் மார்பில் ஒரு கட்டியை மறைத்து வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

இதை நான் சொல்லச் சொல்லப் பெரிய மகள் எழுதுகிறாள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இந்த இடத்தில் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

நான் யார் என்று சொல்ல வேண்டும். வேறு எவன் சொல்வான்? கல்யாண வீடுகளில் எச்சில் இலை எடுக்கிறவனாகத் தொழிலுக்கு வந்தேன். அடுத்து அண்டா கழுவினேன். அதற்கடுத்து வெங்காயம். ஒரு தலைமைச் சமையல்காரன் குடித்துவிட்டு விழுந்த அன்றைக்கு, பந்திக்கு நேரமாகிறது என்று எல்லாரும் தலையில் கை வைத்து நின்றபோது, கரண்டியைக் கையில் எடுத்தவன் நான். அன்றைக்கு எடுத்த கரண்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. இன்றைக்குச் செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் எந்த மண்டபத்தில் இலை போட்டாலும், "மீசைக்காரர் சமையலா?" என்று கேட்டுவிட்டு உட்காருகிறவர்கள் உண்டு. என் வேன் மூன்றிலும் பேர் எழுதவில்லை, மீசை மட்டும்தான் வரைந்திருக்கிறது. சொந்தமாக ஒரு மண்டபம். மைக் இல்லாமலேயே கடைசிப் பந்திக்குக் கேட்கும் குரல். இதெல்லாம் யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை.

பைபாஸ் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கும் சில பெண்கள் ஒரு நாள் என்னைத் தேடி வந்தார்கள். ஐ.டி. கம்பெனி வேலைக்காரர்கள், வாத்தியாரம்மாக்கள், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மேடம். அந்த மேடம்தான் தலைவி. தன் அக்காளை அந்த நோய்க்குக் கொடுத்தவர். விடுதிக்காகக் கடற்கரையில் ஒரு நடைப்பயணம் வைக்கப் போகிறோம், கலந்துகொள்கிறவர்கள் கட்டணம் கட்டுவார்கள், நீங்கள் சிற்றுண்டி தர முடியுமா என்று கேட்டார்.

"அம்மா, சிற்றுண்டி தர்றேன். ஆனா எங்க ஊரு சனம் நடக்கிறதுக்குக் காசு குடுக்குமா? ஷேர் ஆட்டோக்குக் குடுக்கணுமேன்னு நடக்கிற சனம் அது" என்றேன்.

அந்தப் பெண்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்க ஐயா" என்றார்.

சொன்னேன். என் வழி பாயசம். பந்தியில் பாயசம் இரண்டு தடவை சும்மா. மூன்றாம் தடவை கேட்கிறவர், பீடா மேசைக்குப் பக்கத்தில் துண்டு கட்டி வைத்திருக்கும் அண்டாவில் மனசுக்குத் தோன்றியதைப் போட வேண்டும். கல்யாண வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிடுவேன். பரிமாறுகிறவன் மூன்றாம் தடவை ஊற்றும்போது, "அண்டாவுக்கு ஒண்ணு!" என்று சத்தம் போட வேண்டும். அவ்வளவுதான். ஒரு மாப்பிள்ளையின் சித்தப்பா ஐந்தாம் பாயசம் கேட்டு, எழுந்து போய் மோதிரத்தையே கழற்றிப் போட்டார். இந்த யோசனை எம்.பி.ஏ. படித்தவன் எவனுக்காவது வருமா?

அதோடு நின்றிருந்தால் நான் நானாக இருக்க மாட்டேன். மகளிர் குழுக் கூட்டம், கோயில் அன்னதானம் என்று கூட்டம் கூடும் இடத்திலெல்லாம் மைக்கைப் பிடித்தேன். மேடம் ஒரு நோட்டீசு கொடுத்திருந்தார். வலி இல்லாத கட்டியாக இருந்தாலும் காட்டுங்கள், தோல் சுருங்கினால் காட்டுங்கள், இது தொட்டால் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். என்னால் அதைப் படித்து மனப்பாடம் பண்ண முடியாது. என் சம்சாரம் எட்டாவது வரைக்கும் படித்தவள். அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

பிற்பகல் நேரம். சமையற்கட்டில் முறத்தில் பூண்டை வைத்து உரித்துக்கொண்டே அவள் ஒரு வரி படிப்பாள், நான் நின்றுகொண்டு அதைத் திருப்பிச் சொல்வேன்.

"கட்டின்னு சொல்றப்ப கைய அப்பிடி உருட்டாதய்யா. போண்டா போடற மாரி கீது" என்பாள்.

"நீ படி. கையப் பத்தி எனக்குத் தெரியும்."

"வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்" என்ற வரி வந்தபோது நிறுத்தினாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். திரும்பவும் அதே இடத்தில் நின்றாள்.

"இன்னாமே, தொண்டை கட்டிக்கிச்சா?"

"பூண்டு நெடி" என்றாள்.

அந்த நேரத்தில் அவளுக்குக் கட்டி வந்து நான்காவது மாதம். இப்போது கணக்குப் பார்க்கும்போது தெரிகிறது. அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் கண்ணாடி அலமாரியில் தெரிந்த என் முகத்தைத்தான். மைக் பிடிக்கிற மாதிரி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மீசை விஷயத்தைக் கிளப்பிவிட்டவன் என் மச்சான், சம்சாரத்தின் தம்பி. என்னிடமே வேலை பார்க்கிறான், என்னையே கிண்டலும் செய்கிறான். மண்டபத்துச் சமையல்கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டான்.

"மாமா, ஊரெல்லாம் குடு குடுன்னு சொல்லிகினு கீற. நீ இன்னா குட்த்த?"

"டேய், அரிசி குட்த்தேன்டா."

"அது மில்லுகாரன் குட்த்தது."

"கேசு சிலிண்டரு குட்த்தேன். வேன் குட்த்தேன். என் தொண்டைய குட்த்தேன்!"

"தொண்டை ஓசில வந்தது. உன்னுதுன்னு நீ வளத்தது அந்த மீசை ஒண்ணுதான். அதக் குடு பாக்கலாம்."

பாத்திரம் கழுவுகிறவர்கள் வரைக்கும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கிலேயே யோசனையும் வந்தது. நடைப்பயணத்துக்குப் பதிலாக வைக்கும் கடற்கரை விழாவில் இரண்டு அண்டா வைப்போம். ஒன்றில் "மீசை இருக்கட்டும்", இன்னொன்றில் "மீசை போகட்டும்" என்று அட்டை. எதில் அதிகம் விழுகிறதோ அதன்படி. இரண்டு அண்டாவும் விடுதிக்குத்தான். மேடத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அதைத் திரும்பச் சொன்னார். பிறகு, "ஐயா, இதை நாங்க பத்து வருஷம் உட்கார்ந்து யோசிச்சாலும் வந்திருக்காது" என்றார். வராதுதான்.

வீட்டில் சொன்னபோது அவள் மாவரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தினாள்.

"வெளையாட்டுக்குக்கூட வேணாம்யா."

"எடுக்க வுட்டாத்தான? இந்த ஜில்லாவுல என் சாப்பாடு துன்னவன் ஒருத்தனாவது போவட்டும்னு போடுவானா? பாரு, இருக்கட்டும் அண்டா வழியும்."

அவள் கிரைண்டரைத் திரும்பவும் ஓடவிட்டாள்.

விழா நடந்த இடம் கடற்கரைச் சாலையில் ஒரு புல்தரை. குழந்தைகள் வரைந்த படங்களைக் கயிற்றில் மாட்டி ஒரு பக்கம் விற்றார்கள். ஒரு பக்கம் சில கல்லூரிப் பெண்கள், நோயாளிகளுக்கு விக் செய்யவென்று சடையை வெட்டிக் கொடுத்தார்கள். நடுவில், காற்றில் அட்டை படபடக்க, என் அண்டா இரண்டும். நான் பட்டு வேட்டி கட்டி, மீசைக்கு எண்ணெய் தடவி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சம்சாரம் வரவில்லை. தோள்பட்டை வலி, கை தூக்க முடியவில்லை என்றாள். அதையும் மாவரைத்த வலி என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் அரை மணி நேரம் நான் சொன்ன மாதிரிதான் நடந்தது. பெரிய மனிதர்கள் இருக்கட்டும் அண்டாவில் போட்டுவிட்டுக் கைகுலுக்கிப் போனார்கள். அதன் பிறகு என் ஆட்கள் வந்தார்கள். சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், காய் நறுக்கும் பெண்கள், வேன் ஓட்டுகிறவன். என் உப்பைத் தின்னும் சனம். வரிசையாகப் போய் போகட்டும் அண்டாவில் போட்டார்கள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் போட்டார்கள்.

"டேய், துரோகிங்களா!" என்றேன்.

"கோவிச்சுக்காத அண்ணாத்த. ஒரு தபா பாக்கணும்னு ஆசை" என்றான் பரோட்டா மாஸ்டர்.

"உள்ள ஒதடு கீதா இல்லியான்னு பெட்டு கட்டிகீறோம்" என்றாள் காய் நறுக்கும் ஒருத்தி.

அதைக் கேட்டு மேடம் அழுகிற அளவுக்குச் சிரித்தார். போகட்டும் வழிந்தது. இருக்கட்டும் பாதிகூட இல்லை. அது எனக்கு முதல் அதிர்ச்சி. இன்றைக்கு நினைத்தால் அதை அதிர்ச்சி என்று சொன்னதற்கே வெட்கமாக இருக்கிறது.

மீசையோடு முடிந்திருக்க வேண்டியது. எனக்குப் போட்டியாகத் தொழில் பண்ணும் ஒரு கான்ட்ராக்டர் கூட்டத்தில் நின்றிருந்தார். அவர் மைக்கை வாங்கி, "மொட்டையும் சேத்து அடிச்சா ஒரு வருஷத்துக்கு அந்த விடுதிக்கு அரிசி என்னுது. தெகிரியம் கீதா?" என்று கேட்டார். கூட்டம் ஓவென்று கத்தியது. அந்த ஆளுக்கு முன்னால் நான் முடியாது என்று சொல்வதா? "அடி!" என்றேன்.

அங்கே வரவழைத்திருந்த எங்கள் ஊர் நாவிதர் கத்தியில் பிளேடு மாட்டிக்கொண்டே என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அண்ணாத்த, ரெண்டும் சேத்து எடுக்கிறது… வூட்ல ஒரு வார்த்த கேட்டியா?"

"வூட்ல பெரியவங்க எல்லாம் எப்பவோ போய்ச் சேந்துட்டாங்க. நீ எடு."

"பெரியவங்கள சொல்லல" என்றார் அவர். நான் காதில் வாங்கவில்லை. தலையில் தண்ணீர் தெளித்துவிட்டார்.

முடிந்ததும் கழுத்தெல்லாம் அரித்தது. நேராகக் கடலில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டேன். மச்சான் ஃபோனில் படம் எடுத்தான். பட்டு வேட்டி கெட்டுவிடும் என்று வேனில் இருந்த சாதா வெள்ளை வேட்டியைக் கட்டியிருந்தேன். ஈரம் சொட்டச் சொட்ட, தோளில் ஈரத் துண்டோடு, அப்படியே வேனில் ஏறி வீட்டுக்கு வந்தேன். மொட்டைத் தலை, மழித்த முகம், கடலில் முழுகிய ஈர வேட்டி. இந்தப் பக்கத்தில் எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் அந்தக் கோலத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும். வழியெல்லாம் நான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

அவள் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கையால் மட்டும். நான் வேனிலிருந்து குதித்து, "இன்னாமே, எப்பிடி கீறேன்?" என்று கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

அவள் கையிலிருந்த துணி மண்ணில் விழுந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டாள். கொடி அறுந்தது. அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

"நான் இன்னும் போவலியே" என்றாள். "அதுக்குள்ளயா?"

நான் சிரித்தேன். ஆண்டவன் சாட்சியாகச் சிரித்தேன். "இன்னாடி ஒளர்ற? அண்டா வழிஞ்சிச்சு. மொட்டைக்குத் தனியா ஒரு வருஷ அரிசி!"

"எனக்குப் பண்ண வேண்டியத இன்னிக்கே பண்ணிட்டு வந்துட்ட. கடல்ல முழுகிட்டு வேற வந்துகீற. உனுக்கு யாரு சொன்னா? தம்பி சொன்னானா? யாருக்குமே தெரியாதே."

"இன்னா தெரியாது?"

 எழுந்து உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு, நாற்பது வருஷமாகக் கூட வாழ்ந்தவனுக்கு முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டே, காட்டினாள். நான் மைக்கில் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. கட்டி. தோல் சுருக்கம். ஒரு வரி விடாமல் இருந்தது. சுற்றிலும் சுண்ணாம்பு தடவி, அது காய்ந்து பெயர்ந்திருந்தது.

"சூட்டுக் கட்டின்னுதான் நெனச்சேன். எட்டு மாசமாச்சு. நடுவுல நீ அந்த நோட்டீச கொண்டாந்து குட்த்த. படிச்சேன். அப்பத் தெரிஞ்சிச்சு."

எனக்குக் காதில் கடல் இரைச்சல் மாதிரி கேட்டது. உட்கார இடம் தேடினேன். கட்டில் பக்கத்திலேயே இருந்தும் தெரியவில்லை, தரையில் உட்கார்ந்தேன்.

"ஏன்டி சொல்லல? ஊருக்கெல்லாம் நான் சொல்லிகினு…"

"சொல்லி? சமைக்கிற வூட்ல அந்த வியாதின்னா எவன்யா எல போடுவான்? எச்ச எல எடுத்தவன் இந்த மண்டபத்த கட்டிகீற. என்னால அது போவணுமா?"

இப்போது சொல்லப் போவதை மகள் எழுத மாட்டேன் என்றாள். எழுது என்றேன். என் சம்சாரம் அப்படிச் சொன்னதும் என் மனசில் முதலில் வந்தது அவள் முகம் இல்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கு வாங்கியிருந்த ஆர்டர்கள் வந்தன. ஒரு மூச்சு விடும் நேரம்தான். ஆனால் வந்தது.

மேடத்துக்கு ஃபோன் செய்தேன். புல்தரையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்தார். என் சம்சாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, சென்னையில் ஒரு பெரிய டாக்டரம்மாவைத் தெரியும், செவ்வாய்க்கிழமையே பார்த்துவிடலாம் என்றார். அவள், "வர்றேன். ஆனா ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. கோயிலுக்குப் போறோம்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. வரக் கூடாத நேரத்தில் வந்தது.

"இன்னாத்துக்குப் பயம்? என் கைச் சாப்பாட்டுக்கு இருவது வருஷமா வந்து நிக்கிறானுங்க. இப்பவே காட்டறேன் பாரு."

மதுராந்தகத்தில் ஒரு நெல் வியாபாரி. அவர் வீட்டுக் காதுகுத்தலிலிருந்து கிரகப்பிரவேசம் வரைக்கும் என் சமையல்தான். ஆவணியில் மகன் கல்யாணம். ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன்.

"சொல்லு அண்ணாத்த! மீசைய எட்த்துட்டியாமே, வாட்ஸப்புல வந்துச்சு!" என்று சிரித்தார்.

"அது கெடக்கட்டும். வூட்ல சம்சாரத்துக்கு மார்ல கட்டி கீது. கேன்சரா இருக்கலாம்னு தோணுது. நீ வேற வாயில கேக்கக் கூடாதுன்னு நானே சொல்றேன்."

சிரிப்பு நின்றது. "அடப் பாவமே. தங்கமான அம்மாவாச்சே. நல்ல டாக்டரா பாரு" என்றார். கொஞ்சம் விட்டு, "அண்ணாத்த, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. எனக்கு ஒண்ணும் இல்ல. சம்மந்தி வூட்டுக்காரங்கதான் ஒரு மாரி. இந்த ஒரு தபா வேற ஆள வெச்சுக்கறேன். நீயும் வூட்ட பாக்கணும்ல?" என்றார்.

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் ஒரு பார்ட்டி என் சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. என் சம்சாரம் "பாத்தியா" என்றுகூடக் கேட்கவில்லை.

"நான் வரல" என்றாள். "எத்தினி நாளு இருக்கேனோ இருந்துட்டுப் போறேன். மீதிய யாராண்டயும் சொல்லாத."

பேசியே வாழ்ந்தவன் நான்.  மைக்கில் சொன்ன வரிகள் எல்லாம் மனப்பாடமாக இருந்தன, ஒன்றையும் அவளிடம் சொல்ல முடியவில்லை. அதெல்லாம் அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்தவை. கடைசியில் வந்தது இதுதான்:

"நீ இல்லன்னா எனக்கு யாரு படிச்சுக் காட்டுவா?"

அவள் என் மொட்டைத் தலையைப் பார்த்தாள். "அதுக்குத்தான் கூப்புடறியா?"

"அதுக்குந்தான்."

"மூஞ்சியப் பாரு. உரிச்ச பூண்டு மாரி" என்றாள். அப்புறம், "எந்தப் பொடவ கட்டிக்கணும்?" என்று மேடத்தைக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா சோதித்துவிட்டு, ஊசியால் சதை எடுத்து அனுப்பினார். எழுதிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தவர், "வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். 

"யாரும் போவலீங்க. நான்தான் வந்துட்டேன்ல" என்றாள் அவள்.

அடுத்த செவ்வாய் வரைக்கும் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த வாரம் அவளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. மண்டபத்துச் சமையற்கூடத்திலிருந்து மூன்று வேளையும் எடுத்து வரச் சொன்னேன். காலை டீ கடையில் குடித்துக்கொண்டேன். கேட்டவர்களிடம், "அவ ரெஸ்ட் எடுக்கட்டும், ராணி மாரி வெச்சுக்கப் போறேன்" என்று சொன்னேன். மேடம்கூட என்னை மெச்சினார்.

அடுத்த செவ்வாய் முடிவு வந்தது. அதுதான். தாமதமாக வந்திருக்கிறீர்கள், ஆனால் கைமீறிப் போகவில்லை, அறுவை செய்து எடுக்கலாம், பிறகு மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும், திரும்ப வளரும் என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். என் சம்சாரம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஆபரேசன் ஆன பெறகு நான் சமையக்கட்டுல நிக்கலாமா? நான் தொட்டத நாலு பேரு சாப்பிடலாமா?"

"இது சாப்பாட்டால ஒட்டுற நோய் இல்லம்மா."

"தெரியும்ங்க. அதத்தான் இவரு மைக்குல சொல்லுவாரு" என்றாள். நம்பிக்கை இல்லாத குரல். பழைய நோட்டீசை வாசிக்கிற மாதிரி இருந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அந்தப் பையில என்ன?"

"வரிசையில ஒக்காரணும்னாங்களே, கொஞ்சம் புளிசோறு. இவரு எந்திரிக்கறதுக்கு முன்னாடி நானே கிளறினது."

"குடுங்க. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

வெட்கப்பட்டுக்கொண்டே டப்பாவைத் திறந்து கொடுத்தாள். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஸ்பூன்கூடக் கேட்காமல், விரலால் எடுத்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். வேர்க்கடலையைத் தேடி எடுத்து மூன்றாவது வாய்.

அவர் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மொட்டையடித்து வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அன்றைக்கு வரைக்கும் நான் என் சம்சாரம் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கவில்லை. கடை டீ, மண்டபத்துச் சாப்பாடு, ரெஸ்ட் எடுக்கட்டும், ராணி மாதிரி. மதுராந்தகத்துக்காரனை அந்த ஒரு வாரமும் மனசுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இருந்தேன். அவனாவது சம்மந்தி மேல் பழியைப் போட்டு வாயைத் திறந்து சொன்னான். நான் எனக்கே சொல்லாமல் செய்திருக்கிறேன். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று எத்தனை மைக்கில் கத்தியவன்! என் உடம்பு அதில் ஒரு வார்த்தையையும் கேட்டிருக்கவில்லை. அவள் மறைத்ததைவிட, கட்டியைப் பார்த்ததைவிட, இதுதான் என்னை அடித்துப் போட்டது. 

டாக்டரம்மா டப்பாவை என் பக்கம் தள்ளினார். எடுத்து ஒரு வாய் போட்டேன். என்னால் முழுங்க முடியவில்லை. நான் முழுங்குகிறேனா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுங்கினேன். ஏதாவது பேச வேண்டும் என்று, "புளி தூக்கலா கீது" என்றேன்.

"ஒரு வாரமா துன்னாதவனுக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் என் சம்சாரம்.